போட்ட பிறகு வந்த பயம்

“காது மந்தமாக இருந்தவரை காது மட்டும்தான் மந்தம், தம்பி. இந்த மெஷினைப் போட்ட பிறகு தைரியமும் போய்விட்டது.” என் பெரியப்பா மகன் இப்படிச் சொன்னபோது சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வது அவருக்கு வழக்கம். ஆனால் இந்த ஒரு பேச்சு என்னை விடவில்லை. காது கேட்கும் கருவிக்கு நான் பார்த்த விளம்பரங்கள் எல்லாம் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்கின்றன: கருவியை மாட்டுங்கள், இழந்த தன்னம்பிக்கை திரும்பிவிடும். கூடவே பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் நரைத்த தலை ஒன்று சிரிக்கும் படம். அண்ணன் பொய் சொல்பவர் அல்ல. கருவியிலும் பழுதில்லை. முன்பைவிட நன்றாகக் கேட்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் தைரியம் எங்கே போனது?

அவரும் நானும் அமெரிக்காவில் ஒரே ஊரில் இருக்கிறோம். இருவருக்குமே கேட்கும் திறன் குறைவு. எனக்கு வேலை பார்க்கும் இடத்துக் காப்பீடு கைகொடுத்தது; ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) ஒருவர் சோதித்து, பொருத்தி, சரிபார்த்துக் கொடுத்த கருவியைப் பல ஆண்டுகளாகப் போட்டிருக்கிறேன். அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அடிப்படைத் திட்டம் காது கேட்கும் கருவிக்குப் பணம் தராது. அது 1965இல் சட்டம் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஆகவே மருந்துக்கடை அலமாரியில் இருந்த ஒரு கருவிப் பெட்டியை எடுத்துவந்தார். 2022 அக்டோபர் 17 முதல் இது இங்கே சட்டப்படி சரி. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். லேசான அல்லது நடுத்தர அளவில் கேட்கும் திறன் குறைந்திருப்பதாகத் தனக்கே தோன்ற வேண்டும். அவ்வளவுதான். பரிசோதனை வேண்டாம், மருத்துவர் சீட்டு வேண்டாம்.

இந்தச் சட்டத்தின் பக்கம்தான் நான் இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி தேவைப்படும் நிலைக்கு வந்தவர்கள் அதை உண்மையில் வாங்கிப் போடுவதற்குச் சராசரியாக ஏறத்தாழ 9 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2019இல் இங்கே வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பணமும் அலைச்சலும் அந்தத் தாமதத்துக்குக் காரணங்களில் சில என்றால், அவற்றைக் குறைக்கும் எதையும் நான் வரவேற்பேன். “கடையில் வாங்கினால் இப்படித்தான்” என்று உச்சுக்கொட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

நடிப்பு கலைந்த பிறகு

கேட்கும் திறன் மெல்ல மெல்லக் குறைகிறவர்கள் எல்லோரும் நாளடைவில் தேர்ந்த நடிகர்களாகிவிடுகிறோம். எப்போது தலையாட்ட வேண்டும், யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்போது சிரிக்க வேண்டும், எந்தக் கேள்விக்கு “ஆமாம், ஆமாம்” என்றால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்பதெல்லாம் கைவந்த கலை. அண்ணனின் முறை அட்டகாசமானது. அவர் பேசிக்கொண்டே இருப்பார். அவரே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் பேச்சைப் பிடிக்க வேண்டிய தேவையே வராதல்லவா? ஊரில் அவருக்கு வாயாடி என்று பெயர்; பாதிக்குப் பாதி அது காதின் வேலை என்பது எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும். தொலைபேசியில் பிடிபடாவிட்டால் “சிக்னல் சரியில்லை” என்பார். கூட்டத்தில் அண்ணிக்குப் பக்கத்து நாற்காலிதான் எப்போதும். யாராவது ஏதாவது கேட்டால் அண்ணி அதையே கொஞ்சம் உரக்கத் தன் வாயால் ஒருமுறை சொல்லிவிடுவார். கேள்வி இவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பல ஆண்டு இல்லறத்தில் ஊறிய ஏற்பாடு அது.

கருவி வந்ததும் அந்த ஏற்பாடு ஒரே நாளில் கலைந்தது. அண்ணி திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டார். “இனிமேல் எதற்கு? அதான் போட்டுவிட்டீர்களே.” மகன் தொலைபேசியில் சாதாரணக் குரலில் பேசத் தொடங்கினான். நண்பர்கள் அறையின் அந்தக் கோடியிலிருந்து கேள்வி கேட்டார்கள். எல்லோரும் அன்போடு செய்ததுதான். ஆனால் அண்ணன் பக்கமிருந்து பாருங்கள்: முன்பு பிடிபடாமல் போனால் பழி காதின் மேல். இப்போது காதுக்குத்தான் மெஷின் வந்துவிட்டதே; அதற்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் பழி யார் மேல்? “எனக்கு மூளைதான் மழுங்கிவிட்டதோ என்று நினைக்கிறார்கள்” என்றார். யாரும் அப்படி நினைக்கவில்லை. அவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் வேர், மூக்குக்கண்ணாடியோடு வைத்து ஒப்பிடும் பழக்கம். “கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி காதுக்கு இது” என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்போம். கண்ணாடி போட்ட நிமிடமே எழுத்து தெளிகிறது. காது அப்படியில்லை. வயதால் வரும் குறைவில் பெரும்பாலும் போவது உட்செவியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள். போனவை திரும்ப முளைப்பதில்லை. பொதுவாக உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் கைவிட்டுப் போகும். அதனால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. பட்டு, தட்டு, கட்டு மூன்றையும் பிரித்துக்காட்டுவது முதல் எழுத்தில் கண்ணிமைப்பதற்குள் வந்துபோகும் ஒரு சிறு வெடிப்பு. அது காதில் விழாதவருக்கு மூன்றும் ஒன்றுதான். கருவி அந்த வெடிப்பை எடுத்துக் கொடுக்கும். அதே நேரத்தில் தட்டு வைக்கும் சத்தத்தையும், நாற்காலி இழுபடுவதையும், பக்கத்து மேசைக்காரர் சிரிப்பதையும் சேர்த்தே கொடுக்கும். பல ஆண்டுகளாக இவற்றைக் கேட்காமல் இருந்த மூளை எதைத் தள்ளுவது, எதைக் கொள்வது என்று மறுபடி பழக வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். பெட்டியின் மேல் சிரிக்கும் முகம் இதைச் சொல்லாது.

பெட்டிக்குள் இல்லாதது

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்கு விதித்த விதிகளைப் படித்துப் பார்த்தேன். உருப்படியான வேலை. வெளிவரும் உச்ச ஒலி 111 டெசிபலைத் தாண்டக் கூடாது. உரத்த ஒலியைத் தானே அடக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் 117 வரை போகலாம். காதுக்குள் நுழையும் பகுதி செவிப்பறைக்கு 10 மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஒலி உள்ளே போய் வெளியே வர 15 மில்லி விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்க வழி இருக்க வேண்டும். எந்த அறிகுறி இருந்தால் இதை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைப் பெட்டிக்கு வெளியிலேயே அச்சிட வேண்டும். எண்ணாகவும் எச்சரிக்கையாகவும் எழுத முடிந்ததையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். முதல் வாரத்தில் பதறாமல் இருப்பது எப்படி என்பதை விதியாக எழுத முடியாது. அதை யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

எனக்கு அப்படி ஒருவர் சொன்னார். என் ஆடியாலஜிஸ்ட் செய்த எத்தனையோ நுட்பமான வேலைகளில் எனக்கு மறக்காதது, கருவியைக் காதில் வைப்பதற்கு முன் அவர் சொன்ன நாலு வார்த்தை: “உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்கும். பயப்படாதீர்கள்.” கேட்டது. பயப்படவில்லை. அண்ணனுக்கும் அதேதான் கேட்டது. அவர் மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினார். வேண்டுமானால் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு காதையும் விரலால் அழுத்தி மூடிக்கொண்டு “ஈ” என்று நீட்டிச் சொல்லுங்கள். பிறகு “ஆ” என்று சொல்லுங்கள். “ஈ” மண்டைக்குள் ரீங்கரிக்கும். “ஆ” அந்த அளவுக்கு இராது. பேசும்போது தொண்டையிலிருந்து எலும்பு வழியாகக் காதுக்குள் வரும் தாழ்ந்த ஒலி, சாதாரணமாகக் காதுத் துளை வழியே வெளியேறிவிடும். அடைப்பு இருந்தால் உள்ளேயே தங்கும். கெட்டுப்போன கருவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருவியின் நுனியில் காதுத் துளைக்குள் நுழையும் சிலிகோன் குமிழை ஓட்டைகள் உள்ளதாக மாட்டினால் பாதி குறையும். மீதி, பழகப் பழகத் தேய்ந்துவிடும்.

என்னை விடாமல் அரித்த கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்தது இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரி ஹியூம்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில். 55 முதல் 79 வயது வரையிலானவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வகைக் கருவி. முதல் பிரிவுக்கு ஆடியாலஜிஸ்ட் முறைப்படி பொருத்திக் கொடுத்தார். இரண்டாவது பிரிவினர் முன்கூட்டியே அமைத்துவைத்த கருவிகளிலிருந்து தங்களுக்கு ஏற்றதைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். அதாவது கடையில் வாங்குவதுபோல. மூன்றாவது பிரிவுக்கும் ஆடியாலஜிஸ்ட் எல்லா உபசாரமும் செய்தார், ஆனால் கருவி ஒலியைக் கூட்டவே கூட்டாது; போலிக் கருவி. 6 வாரம் கழித்துப் பார்த்தால், தாங்களே தேர்ந்தவர்களுக்குக் கிடைத்த பயன் முதல் பிரிவினருக்குக் கிடைத்ததற்கு ஏறத்தாழ ஈடாகவே இருந்தது. கடைக் கருவிகளை ஆதரிப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்ததுதான் சுவை. “இந்தக் கருவியை வைத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டபோது ஆடியாலஜிஸ்ட் பொருத்திய பிரிவில் 81 சதவீதம் பேர் சரி என்றார்கள், தாங்களே தேர்ந்தவர்களில் 55 சதவீதம் பேர்தான். திருப்தியும் குறைவு. பயன் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் கையில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. இன்னொரு வேடிக்கை: ஒன்றுமே செய்யாத போலிக் கருவியைப் போட்டிருந்தவர்களிலும் 36 சதவீதம் பேர் அதை வைத்துக்கொள்ளத் தயார்!

அந்த 36ஐப் பார்த்து முதலில் சிரித்தேன். பிறகு அதில்தான் விஷயம் இருக்கிறது என்று தோன்றியது. ஒருவர் உட்கார்ந்து, காதைப் பார்த்து, இது இப்படி இருக்கும், அது அப்படி ஆகும் என்று பேசினாலே பாதி மனம் நிறைந்துவிடுகிறது. அதற்காக ஆறுதல் வார்த்தை போதும் என்று நான் சொல்லவில்லை. போலிக் கருவியால் யாருக்கும் தட்டும் கட்டும் பிரிந்து கேட்டுவிடாது. ஆனால் உண்மையிலேயே வேலைசெய்யும் கருவி, பேச ஆளில்லாத காரணத்தால் மேசை இழுப்பறைக்குள் போவது எவ்வளவு பெரிய வீண்? 2023இல் வேறோர் ஆய்வு வந்தது. 64 பேர், ஒரே மாடல் கருவி, பாதிப் பேர் தாங்களே செயலி வழியாக அமைத்துக்கொண்டார்கள், மீதிப் பேருக்கு ஆடியாலஜிஸ்ட். 6 வாரத்தில் இரு பக்கமும் சமம். விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடலாம். சிறிய எழுத்தில் போட வேண்டியது: தாங்களே அமைத்துக்கொண்டவர்களுக்குத் தொலைவிலிருந்து உதவிக்கு ஆள் இருந்தது.

விசிலடிக்கவைத்த மத்தியானம்

அண்ணன் எங்கே உடைந்தார் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். கருவி வாங்கிய முதல் வாரக் கடைசியிலேயே ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பெரிய மண்டபம், எதிரொலிக்கும் சுவர், பாட்டு வேறு. நீந்தப் பழக நேரே கடலில் குதித்ததுபோல என்று சொல்லலாம். ஆனால் புதிதாகப் போட்டுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் அங்கேதான் கேட்காமல் அவமானப்பட்டிருக்கிறார்கள். பழைய நண்பர் ஒருவர் கட்டித்தழுவியபோது கருவி கீச்சென்று விசிலடித்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை, “தாத்தா காதில் என்ன கத்துகிறது?” என்று கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஒலியளவைக் கடைசிப் படிக்குக் குறைத்துவைத்து, பேருக்குப் போட்டிருந்தார். வியர்ப்பதாகவும், மாலையானால் தலை கனப்பதாகவும், பேச்சு கொடுக்க யாராவது வந்தால் நெஞ்சு படபடப்பதாகவும் சொன்னார். விசில் எப்போது வரும் என்று தெரியாத பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் கழற்றி ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்தோம். சிவப்புப் புள்ளி வலது, நீலம் இடது. அது அவருக்குத் தெரிந்திருந்தது. மெல்லிய கம்பியின் நுனியில் இருந்த சிலிகோன் குமிழ் மிகச் சிறியது. தொழிற்சாலையிலிருந்து அதை மாட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். மற்ற அளவுகள் ஒரு பிளாஸ்டிக் உறையில் பிரிக்கப்படாமல் கிடந்தன. “இதெல்லாம் உபரி என்று நினைத்தேன்” என்றார். வலது கருவியை மறுபடி மாட்டச் சொன்னேன். உள்ளங்கையைக் குவித்துக் காதை மூடச் சொன்னேன். கீச்! கையை வெடுக்கென்று எடுத்தார். நின்றுவிட்டது. “மறுபடி வையுங்கள்.” கீச். “எடுங்கள்.” நின்றது. காதுக்குள் போக வேண்டிய ஒலி இடுக்கு வழியாக வெளியே கசிகிறது, கசிந்தது கையில் பட்டுத் திரும்பி மைக்குக்குப் போகிறது, மைக் அதையே மறுபடி பெரிதாக்கி உள்ளே அனுப்புகிறது, இப்படியே சுற்றிச் சுற்றி விசிலாகிறது என்று சொன்னேன். தழுவியவரின் தோளும் அன்று அந்தக் கை செய்த வேலையைத்தான் செய்திருக்கிறது. அண்ணன் தொழிலால் பொறியாளர். பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டு, நான் சொல்லாமலே குமிழைப் பாதி வெளியே இழுத்துப் பார்த்தார்: விசில். உள்ளே அழுத்தினார்: இல்லை. வாயை அகலத் திறந்து மென்று பார்த்தார்: லேசாக விசில், தாடை அசைந்தால் காதுத் துளையும் அசைகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னார்.

பிறகு அடுத்த அளவுக் குமிழை மாட்டினோம். கையைக் குவித்தாலும் விசில் வெகுவாக அடங்கிவிட்டது. ஆனால் அவர் குரல் அவருக்கு முன்னைவிட முழங்கியது. இடுக்கு அடைபட்டால் விசில் குறையும், முழக்கம் கூடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். “முழக்கம் எனக்கு மட்டும்தானே கேட்கும்? விசில் ஊருக்கே கேட்கும்” என்று சொல்லிப் பெரிய குமிழையே வைத்துக்கொண்டார். நானாக இருந்தால் மாற்றித் தேர்ந்திருப்பேன். அன்று மாலை வரை அண்ணி பேசவந்தபோதெல்லாம் குமிழைச் சற்று வெளியே இழுத்து, கையைக் காதருகே கொண்டுபோய் விசிலடித்துக் காட்டி அவரைக் கடுப்பேற்றிக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் எந்தச் சத்தத்துக்கு நடுங்கினாரோ அதையே விளையாட்டுப் பொருளாக்கிவிட்டார்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொல்கிறார். தானே செய்து பார்த்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கிச் சொல்வது, தன் உடலின் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நான்கிலும் வலுவானது முதலாவது. செவித்திறன் துறையினர் இதைக் கையிலெடுத்து 2007இல் 24 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றையே செய்துவைத்திருக்கிறார்கள்: கருவியைக் கையாளும் எளிய வேலைகள், சற்றுக் கடினமான வேலைகள், அதன் ஒலிக்குப் பழகுவது, போட்டுக்கொண்டு பிறர் பேச்சைப் பிடிப்பது என்று நான்கு பகுதி. குடும்பங்களில் நாம் அள்ளிக் கொடுப்பது மூன்றாவது ஊற்றை மட்டும். “உங்களால் முடியும்”, “இரண்டு நாளில் பழகிவிடும்”. அதுவும் போகப் போக “போட்டிருக்கிறீர்களா இல்லையா?” என்ற அதட்டலாகத் திரிந்துவிடும்.

ஊக்கம்கூடப் பரவாயில்லை. இப்போது மிரட்டலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அண்ணனின் கைபேசிக்கு உறவினர்கள் அனுப்பிக்கொண்டே இருந்த செய்தி, கருவி போடாவிட்டால் மறதி நோய் வரும் என்பது. 2023இல் லான்செட் இதழில் வந்த ஆய்வை வைத்துத்தான் இதைச் சுற்றவிடுகிறார்கள். 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரை 3 ஆண்டு கவனித்த ஆய்வு. மொத்தமாகப் பார்த்தபோது நினைவு, சிந்தனைத் திறன்களின் சரிவில் கருவியால் வித்தியாசம் தென்படவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் சரிவு 48 சதவீதம் மட்டுப்பட்டது. முக்கியமான செய்திதான், ஆனால் அனுப்பப்பட்ட செய்தி அதுவல்ல. தவிர, அங்கே கருவி போட்டவர்களுக்கெல்லாம் ஆடியாலஜிஸ்ட் கூடவே இருந்தார். பேச்சு பிடிபடாததையே மூளை மழுங்கல் என்று எண்ணிக் கலங்கிக்கொண்டிருப்பவரிடம் போய் மறதி நோய்ப் படத்தைக் காட்டுவது எந்த ஊர் உதவி?

கேட்கத் தெரிவது

விசில் அடங்கியதும் மற்றதெல்லாம் சீக்கிரம் நடந்தன. வீட்டில் அண்ணியோடு மட்டும், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு. பிறகு செய்தி வாசிப்பைக் கேட்டபடி அதே செய்தியை எழுத்தில் பார்ப்பது. பிறகு இரண்டு மூன்று பேர். மண்டபம் கடைசியில். உட்காரும்போது பேசுபவர் முகத்துக்கு நேரே, இரைச்சல் முதுகுக்குப் பின்னே. கருவியின் மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் கவனிக்கும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும் என்பதால் எந்த அமைப்பை மாற்றுவதைவிடவும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவது மேல். பொறியாளருக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று.

பிடிக்காமல் போனது ஒன்றுதான்: வாயைத் திறந்து கேட்பது. எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் “எனக்குக் கேட்கவில்லை” என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்வது தோற்பதற்குச் சமம். “என்ன?” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் முழு வாக்கியத்தையும் கத்திச் சொல்வார், எரிச்சலோடு. கத்தும்போது சொல் இன்னும் உருக்குலையும். “வெள்ளிக்கிழமை என்றீர்கள், அது கேட்டது. எத்தனை மணிக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவருக்குத் தன் பேச்சில் முக்கால்வாசி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது; விட்டுப்போன ஒன்றை மட்டும் சொல்கிறார். இப்படிக் கேட்பவரைச் செவிடர் என்று யாரும் நினைப்பதில்லை, கவனமாகக் கேட்கும் ஆள் என்றே நினைக்கிறார்கள். அண்ணன் இதை முதலில் ஏற்கவில்லை. பல் மருத்துவமனை வரவேற்பறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குனிந்தபடி முணுமுணுத்த ஒரு பெண்ணிடம்தான் முதல் தடவை சொன்னார்: “நான் காதுக் கருவி போட்டிருக்கிறேன். என்னைப் பார்த்துப் பேசினால் போதும், உரக்கப் பேச வேண்டாம்.” அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். இதில் கதை ஒன்றும் இல்லை; அதுதான் அவருக்கு ஆச்சரியம். இவ்வளவு காலம் எதற்காக இந்த ஒரு வரியைச் சொல்லாமல் இத்தனை வரி பேசிக்கொண்டிருந்தோம் என்று வீட்டுக்கு வந்து கேட்டாராம்.

இதற்கிடையில் செயலியில் இருக்கும் செவிச் சோதனையை மறுபடி செய்தார். முதல் தடவை சமையலறையில் குளிர்பதனப் பெட்டி உறுமிக்கொண்டிருக்க, பொருந்தாத குமிழோடு செய்தது. இம்முறை படுக்கையறையில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு. வந்த வரைபடத்தில் இடது காதின் கோடு வலதைவிட வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவரே சேர்த்துச் சொன்னார்: “பெட்டியில் போட்டிருக்கிறான், தம்பி. இரண்டு காதுக்கும் வித்தியாசம் இருந்தால் டாக்டரைப் பார்க்கச் சொல்லி.” ஆமாம், போட்டிருக்கிறது. ஒரு காதில் மட்டும் குறைவு அல்லது இரைச்சல், இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம், கடந்த 6 மாதத்துக்குள் திடீரென்று குறைந்தது அல்லது ஏறி இறங்குவது, வலி, தலைசுற்றல், சீழோ இரத்தமோ வடிவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பழைய அண்ணனாக இருந்தால் மெஷின் சரியில்லை என்று முடித்திருப்பார், அல்லது தனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று. இப்போது எது அறையின் குறை, எது குமிழின் குறை, எது காதின் குறை என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு அஞ்ச ஒன்றுமில்லை என்றார். ஆடியாலஜிஸ்ட் அளந்து, வலது காதுக்குக் கடைக் கருவி போதும், இடது காது நடுத்தர அளவைத் தாண்டிவிட்டதால் அதற்கு அது எட்டாது என்றார்; ஒன்றோடொன்று இசைந்து வேலைசெய்ய இரண்டையுமே மாற்றினால் நல்லது என்றும் சொன்னார். அண்ணன் உடனே தலையாட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எந்த இடத்தில் யார் குரல் பிடிபடுகிறது, எங்கே விட்டுப்போகிறது என்று குறித்துவைத்திருந்ததை வாசித்தார். பிறகு கேள்விகள்: பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம்? பொருத்திய பிறகு காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, செவிப்பறையருகே உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளப்பீர்களா, இல்லை கணினி சொல்வதோடு விட்டுவிடுவீர்களா? அளப்போம் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். என்னுடையதை அப்படி அளந்து பார்த்து வெகுகாலமாகிறது.